நூறு ஆல்பம் கேட்டுவிட்டு வா

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நன்றி கெட்டவள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான்கு வருடம் என் வீட்டுக்காரரை ஷார்ஜா முவைலாவிலிருந்து அபுதாபி முசஃபா வரைக்கும் தன் காரில் தினமும் கூட்டிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் அவர். பெட்ரோலுக்கென்று ஒரு திர்ஹம் வாங்கியதில்லை. என் வீட்டுக்காரர் இன்றும் அவரை ‘அண்ணன்’ என்றுதான் சொல்வார், அதுவும் குரலைத் தாழ்த்தி. எனக்கு அவர் அந்த மனிதர்தான். அவரும் என் பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதால் கடைசி வரைக்கும் ‘சிஸ்டர்’ என்றே ஓட்டிவிட்டார்.

முசஃபாவில் ஒரு பெரிய ஃபேப்ரிகேஷன் யார்டில் அவர் ப்ளானிங் இன்ஜினியர். அதே யார்டில் என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஆனால் அந்த மனிதரின் உண்மையான உத்தியோகம் வேறு. எதிரில் வருகிறவன் எந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்வதுதான் அது. தலைவலி என்று சொன்னால் ஒரு ஆல்பம். மானேஜர் திட்டினார் என்றால் ஒரு ஆல்பம். பிள்ளை பிறந்தது என்றாலும் ஆல்பம்தான். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கூட ரெண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மருந்து எழுதுவார். இவருக்குக் கேள்வியே தேவைப்படாது.

ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே நோட்டை எடுத்து ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, தாளைக் கிழித்து உள்ளங்கையில் வைத்துவிடுவார். பாடகர் பெயர், ஆல்பம் பெயர், வருடம். அடியில் ஒரு கோடு. வாங்கிக்கொள்கிறவர் அடுத்த நாள் பதில் சொல்லியாக வேண்டும். “மூணாவது ட்ராக்ல டிரம்ஸ் எந்த இடத்துல நிக்குது, சொல்லு பாக்கலாம்” என்று கேட்பார். தெரியாவிட்டால் கோபிக்க மாட்டார். ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பதில் நான்கு அறை வாங்கியிருக்கலாம்.

அவரிடம் வகுப்புகள் இருந்தன. காரில் புதிதாக ஏறுகிறவருக்கு முதலில் கண்ட்ரி. ரயில், லாரி, அம்மா, ஊரை விட்டு வந்த துக்கம் எல்லாம் அதில் இருக்கிறது, உங்களுக்குச் சுலபமாக ஏறும் என்பார். அந்த ‘உங்களுக்கு’ என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ட்ரியில் தேறினால் ராக். ராக்கில் கொஞ்ச காலம் கிடந்தால் ப்ளூஸ். கடைசியில்தான் ஜாஸ். என் வீட்டுக்காரர் ராக்கிலேயே ஒன்றரை வருடம் இருந்தார். ப்ளூஸுக்கு மாற்றிவிட்ட அன்று வீட்டுக்கு வந்து, “பிள்ள, அண்ணன் எனக்கு ப்ளூஸ் தந்தாச்சு” என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை, கம்பெனியில் ஃபோர்மேன் ஆனபோதுகூட நான் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரில் சட்டம் கடுமை. விடிவதற்கு முன் முவைலாவில் கிளம்பினால் முசஃபா பாலத்துக்கு ஒன்றரை மணி நேரம். அவர் கணக்கில் அது இரண்டு ஆல்பம். ஒன்று அபுதாபி எல்லை வரைக்கும், அடுத்தது பாலம் வரைக்கும். பேசக் கூடாது. போன் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பாட்டைக்கூடத் தாண்டக் கூடாது. “பிடிக்கலைன்னாலும் உக்காந்து கேக்கணும் தம்பி. ஒருத்தன் அந்தப் பாட்டை அந்த எடத்துல வெச்சிருக்கான்னா ஒரு காரணம் இருக்கும். தாண்டுறது அவன் மூஞ்சில கதவைச் சாத்துற மாதிரி.” இதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், என் நெய்மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. குழம்பு எப்படி என்று ஒருநாளும் சொன்னதில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாரா என்பதே சந்தேகம்.

அந்தக் காரில் இன்னொருவரும் போய்க்கொண்டிருந்தார். முசஃபாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாய், ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். அவருடைய வாப்பா ஊரில் இறந்துபோனார். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் பாயால் போக முடியவில்லை. மறுநாள் கடையைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று வழக்கம்போல் காரில் ஏறி, காதில் இயர்போன் வைத்து குர்ஆன் ஓதல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மனிதர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். இந்த வண்டியில் தனியாகக் கேட்பது கிடையாது, இன்றைக்கு உனக்காகவே ஒரு ப்ளூஸ் ஆல்பம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றாராம். பாய் கழற்றினார். முசஃபா வரைக்கும் அந்த ஆல்பத்தைக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

முவைலா பலசரக்குக் கடையில் அவரைப் பார்த்தபோது நானே கேட்டேன். “அந்தாளு கெட்டவரு இல்ல தங்கச்சி” என்றார் பாய். “ஆனா வாப்பா மவுத்தான மறுநாளு, எறங்குற நேரத்துல என்னையப் பாத்து, மூணாவது பாட்டு எப்படி இருந்துச்சுங்கிறாரு. நான் என்னத்தச் சொல்லட்டும்?” வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டேதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதற்கு, அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார் என்றார் என் வீட்டுக்காரர்.

நல்ல எண்ணம்! அந்த நல்ல எண்ணம் என் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

என் வீட்டுக்காரர் பாடுவார். பாடுவார் என்றால் சும்மா அல்ல. நாங்கள் கன்னியாகுமரிக் கடற்கரை. அவருடைய அப்பா கடலுக்குப் போகிறவர். இவர் சின்ன வயதிலிருந்தே கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு பிலிப்பினோ நண்பர் விட்டுவிட்டுப் போன கிட்டாரை எடுத்து, தானே சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். மொத்தம் ஐந்து பாட்டு. மகளுக்கு முதல் பல் விழுந்ததற்கு ஒன்று. முசஃபா வெயிலுக்கு ஒன்று. அப்பாவின் வள்ளத்து எஞ்சினுக்கு ஒன்று. ஊரில் மழை என்று போனில் கேட்பதற்கு ஒன்று. ஐந்தாவது எங்கள் இரண்டு பேரையும் பற்றி. அப்போது எனக்குத் தொடர்ந்து நைட் டூட்டி. அவர் வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது நான் வேலைக்கு இறங்கிக்கொண்டிருப்பேன். ‘நீ டூட்டிக்கு இறங்குத, நான் டூட்டி முடிஞ்சு ஏறுதேன், மாடிப்படி நடுவுல நம்ம குடித்தனம்’ என்று தொடங்கும். மகள் அதற்கு ஸ்டெப்ஸ் ஸாங் என்று பெயர் வைத்திருந்தாள்.

இந்த ஐந்தையும் ஒழுங்காகப் பதிவு செய்து ஒரு ஆல்பமாகப் போட வேண்டும் என்பது அவருக்கு ஆசை. வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு கட்ட வேண்டும், கார் வாங்க வேண்டும் என்பதெல்லாம் என்னுடைய ஆசைகள். எங்கள் கோயிலில் சவுண்ட் பார்க்கிற பையன் தன் அறையில் மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்திருந்தான். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டான். தேதி குறிப்பதுதான் பாக்கி.

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“இஞ்சேருங்க, பாட்டு உங்களுக்க பாட்டு. அவருகிட்ட என்னத்துக்குக் கேக்கணும்?”

“அப்பிடி இல்ல பிள்ள. வெவரம் உள்ளவரு. கேட்டுட்டுச் செஞ்சா நல்லதுல்லா.”

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கார் வைத்திருக்கிறவன், இங்கிலீஷ் பேசுகிறவன், நம்மை விட மேலே உட்கார்ந்திருக்கிறவன் சரி என்று சொன்னால்தான் நமக்கு எதுவும் சரி. விசா கொடுத்த கஃபீலிடம் கையெழுத்து வாங்குவதுபோல இதற்கும் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. கேட்டார். அந்த மனிதர் பாட்டைக் கேட்கவே இல்லை. நோட்டை எடுத்தார். “முதல்ல ஒரு நூறு ஆல்பம் கேளு தம்பி. நானே லிஸ்ட் போட்டுத் தரேன். கேட்டுட்டு வா. அப்புறம் பாக்கலாம்.”

நூறு ஆல்பம்! சவுண்ட் பையன் இரண்டு தடவை போன் செய்தான். மூன்றாவது தடவை செய்யவில்லை.

எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் கொடுத்தது எதுவும் மோசமில்லை. மோசமாக இருந்திருந்தால் நானே தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் சமையலறை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். ஒரு கறுப்பினப் பெண்மணி, பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடிய ஒரு ப்ளூஸ் ஆல்பம். ஒரு வார்த்தைகூட எனக்கு முழுதாகப் புரியவில்லை. குழாயை மூடிவிட்டு நின்று கேட்டேன். ஜாஸில் ஒருவர் சாக்ஸபோனில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசிவரை வீட்டுக்குள் நுழையாமலே போனார். அதுவும் பிடித்திருந்தது. அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே அவர் கொடுத்ததை ரசித்தேன். இதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

இந்திய எம்பஸியில் ஒரு வேலையாக நான் அபுதாபி போக வேண்டி வந்த ஒரு நாள், அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். முதல் ஆல்பம் எல்லைக்குச் சற்று முன்னால் முடிந்தது. என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “அண்ணே, அறுபது ஆல்பம் ஆச்சு. எனக்க பாட்டு ஒண்ணு போன்ல பிடிச்சு வச்சிருக்கேன். கேக்கிறீங்களா?” அவர் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் போனைக் காரோடு இணைத்தார்.

மாடிப்படிப் பாட்டுதான். எங்கள் சமையலறையில் பிடித்தது. முதல் சரணம் வந்தது. இரண்டாவது சரணத்தில் கிட்டார் கொஞ்சம் தாழ்ந்து, குரல் மட்டும் தனியாக ஏற வேண்டும். ஏறவில்லை. அதற்குள் அந்த மனிதரின் கட்டைவிரல் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டது.

“பாட்டு முடியல” என்றேன் நான்.

“தெரியும் சிஸ்டர். கிச்சன் ஃபேன் சத்தம் கேக்குது.”

அவ்வளவுதான். ஒரு ராக் ஆல்பத்தைப் போட்டார். முசஃபா பாலம் வரைக்கும் ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்டோம். என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆல்பம் முடிந்ததும், “அண்ணே, இது செமயா இருக்கு” என்றார். அந்த நிமிஷம் எனக்கு அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரத்தைவிட இவர்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது. இறங்கி டாக்ஸி பிடித்தேன்.

அதற்குப் பிறகு கிட்டார் அலமாரிக்கு மேலே, ஊருக்குக் கொண்டுபோகிற பெட்டிகளோடு போய்ச் சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்குப் பாடச் சொல்லிக் கோயிலில் கேட்டார்கள். இன்னும் கத்துக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். “கேக்கக் கேக்க, எனக்க பாட்டு எல்லாம் சின்னப் பிள்ளைங்க வெளையாட்டு மாதிரி இருக்கு பிள்ள. கம்பியில கை வைக்கக் கூச்சமா இருக்கு” என்று என்னிடம் மட்டும் சொன்னார். வருத்தமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, ஏதோ ஞானம் பெற்றவர்போலச் சொன்னார். தொண்ணூறு ஆல்பம் தாண்டியிருந்தார் அப்போது.

அந்த மனிதருக்குக் கனடா விசா வந்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கடைசிச் சாப்பாட்டுக்கு வந்தார். நான் ஒரு முடிவோடு இருந்தேன். குழம்புச் சட்டி மேசைக்கு வந்தது, ஆனால் மூடியைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரின் போனை எடுத்து, மாடிப்படிப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டு, அந்த மனிதர் முன்னால் வைத்தேன்.

“சாப்பாடு அஞ்சு நிமிஷம் கழிச்சு. இதை முழுசாக் கேளுங்க. பொத்தானை நான் பிடிச்சிருக்கேன்.”

“சும்மா இரி” என்றார் என் வீட்டுக்காரர். அவர் காது சிவந்துவிட்டது.

“பரவால்ல தம்பி” என்றார் அந்த மனிதர்.

கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, உண்மையாகவே கேட்டார். இரண்டாவது சரணத்தில் குரல் தனியாக ஏறிய இடத்தில் அவருடைய விரல்கள் அசைந்து நின்றன. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார். “நல்லா இருக்கு” என்றார். நான்கு வருடத்தில் முதல் தடவை. என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது, அந்த மனிதரை மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. நோட்டு வெளியே வந்தது.

“இதே விஷயம்தான் தம்பி. புருஷன் பொண்டாட்டி வேற வேற ஷிஃப்ட். ஒருத்தன் முழு ஆல்பமாவே பண்ணி வெச்சிருக்கான். கண்ட்ரியும் ப்ளூஸும் கலந்தது. அதைக் கேட்டுட்டு இதைக் கேட்டுப் பாரு. உனக்கே தெரியும்.”

“என்ன தெரியும்?” என்றேன்.

“இது தேவையில்லன்னு தெரியும் சிஸ்டர்.” கொஞ்சமும் கடுமை இல்லை. நோயாளிக்கு நல்லது சொல்கிற குரல்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கையை நீட்டினார். “எழுதித் தாங்கண்ணே” என்றார்.

எழுதினார், அடியில் கோடு போட்டார், தாளைக் கிழித்துக் கொடுத்தார். நான் சட்டியைத் திறந்து குழம்பை ஊற்றினேன். வேறு என்ன செய்ய? அவர் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மூன்று துண்டு மீன் சாப்பிட்டுவிட்டு, கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பாட்டைப் போடுங்கள், எனக்குக் கேட்க வேண்டும் என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, இல்லை என்றார்.

“இல்லன்னா?”

“போன்ல எடமில்ல பிள்ள. அண்ணன் சொன்ன ஆல்பத்தை எறக்கணும்லா. அதான் பழசெல்லாம் எடுத்துட்டேன்.”

“அஞ்சு பாட்டு எவ்வளவு எடம் பிடிக்கும்?”

நான் கத்தினேன். ஊரில் இருக்கிற மாமியார் வரைக்கும் இழுத்துக் கத்தினேன். அவர் எழுந்துபோய் ஏசியைக் கூட்டிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த ஆல்பம் எங்கள் சமையலறையில் இரண்டு மாதம் ஓடியது. நல்ல ஆல்பம்தான். நான் அதையும் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

போன வாரம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “மம்மி, டாடியோட ஸ்டெப்ஸ் ஸாங் எப்படி வரும்? ஐ ஃபர்காட். நீ பாடேன்” என்றாள். டாடியிடம் கேள் என்றேன். “ஹி வோன்ட் சிங்” என்றாள். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சரி என்று நான் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தேன். வார்த்தை எல்லாம் வந்தது. ராகம் வரவில்லை. எத்தனை தடவை பாடியிருப்பார்! நான் யூனிஃபார்ம் தேடிக்கொண்டும், தேங்காய் அரைத்துக்கொண்டும், டூட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள் என்று கத்திக்கொண்டும் இருந்திருக்கிறேன். ஒருநாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. போனில் பிடித்து வைத்திருந்ததை முதல் முறையாக நான் முழுதாகக் கேட்டதே அந்த மனிதரோடு சேர்ந்துதான்.

திரும்பவும் முதலிலிருந்து முயன்றேன். இரண்டாவது வரியில் குரல் தானாக வளைந்து ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டது. வந்துவிட்டது என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மாடிப்படியும் குடித்தனமும் அதில் பொருந்த, சத்தமாகவே பாடினேன்.

“தட்ஸ் நாட் இட்” என்றாள் மகள்.

ஹாலில் சோபாவிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. “அது அண்ணன் கடைசியா தந்த ஆல்பம். மூணாவது ட்ராக்” என்றார், கேட்டவுடன் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு.